சூரியன் மேல் சிவப்புக் கோடு

“வார்னிங்கு வார்னிங்குன்னு கத்தினு கீறியே, எங்கடி அது? செவுத்துல கீதா, உன் மூஞ்சில கீதா? எட்த்துக் காட்டு பாப்போம்!”

“மிஷின் மேலயே ஒட்டியிருந்துச்சு மேடம். இந்த ஷைனி சுரண்டிப் போட்டுட்டா.”

“நான் தொடவே இல்லக்கா! நான் வேலைக்கு வந்தப்பவே அங்க ஒண்ணும் இல்ல!”

இரண்டாவது குரல் கடை முதலாளி ஜெயஸ்ரீயுடையது. மூன்றாவது குரல் பாதியிலேயே அழுகையில் உடைந்தது. முதல் குரல் உடைகிற வகை அல்ல. அது கெங்கம்மாவுடையது. திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். காசிமேட்டு ஏலத்தில் பத்து ஆண்பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் ஏறி நின்று பழகிய குரல், விம்கோ நகர் ‘ஜெய் பிரைடல் ஸ்டுடியோ’வின் கண்ணாடிக் கதவை ஒன்றும் செய்யவில்லை என்றால் அது கதவின் அதிர்ஷ்டம்.

தெருவில் ஏற்கெனவே நல்ல கூட்டம். யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லை. ஒருவர் பஸ்ஸுக்காக நின்றார், பஸ் வராத தெருவில். இருவர் மாவு வாங்கப் போனவர்கள், மாவு வாங்கியும் போகவில்லை.

பதுருன்னிசா படியில் ஏறியதும் முதல் வேலையாக, அங்கே ஈரச் சாக்கு போர்த்தி வைத்திருந்த ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நல்ல சண்டையை நின்றுகொண்டு கேட்பது அவளுக்குப் பிடிக்காது.

“ஏம்மா, பொட்டி மேல குந்தாத! உள்ள சங்கரா கீது!” கெங்கம்மா சண்டைக்கு நடுவிலும் திரும்பிக் கத்தினாள்.

“பயப்படாதக்கா. நான் அடைகாக்க வரல.”

உட்கார்ந்த இடம் ஜில்லென்று நனைந்தது. பதுரு எழுந்திருக்கவில்லை. இடம் அப்படி.

அவளோடு வந்தவர் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிற அம்புரோஸ். ராயபுரம் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ‘அம்புரோஸ் துப்பறியும் நிலையம்’ என்று ஒரு பலகை தொங்குகிறது. கீழே சேலை எடுக்க வருகிறவர்கள் பாத்ரூம் எங்கே என்று கேட்க மட்டும்தான் மேலே ஏறுவார்கள். பலகை மாட்டுவதற்கு முன்பு அவருக்குத் துறைமுகத்தில் இறங்குகிற பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை. அந்தக் காலத்து வியாதி ஒன்று அவருக்கு இன்னும் போகவில்லை. எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவார், பிஸ்கட் கவரின் பின்புறம் உட்பட. இப்போதும் சண்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த உரிம விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

“சார், கேஸு இந்தப் பக்கம் கீது,” என்றாள் பதுரு.

“பதுரு, இதைக் கேளு. ‘ரோமம் நீக்கிய கழிவைத் தெருவில் கொட்டக் கூடாது. தோல் உலர்த்தும் அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும். உப்பிடாத தோலை நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது. சுண்ணாம்புத் தொட்டி எப்போதும் மூடியிருக்க வேண்டும்.’”

“பார்லருன்னா இதெல்லாம் இருக்கறதுதான். சுண்ணாம்பு மட்டும் எதுக்கோ. ஓனரம்மா வெத்தல போடுவாங்களா இருக்கும்.”

இந்த கேஸைக் கொண்டுவந்ததே பதுருதான். ஷைனி அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பெண். பார்லரில் சேர்ந்து அதிக நாளாகவில்லை. மாலையில் உரிம அதிகாரி வருகிறார் என்றும், அவரிடம் ஷைனியின் பெயரைச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, அப்படியே ஸ்டேஷனுக்கும் ஒரு காப்பி அனுப்பப் போவதாகவும் முதலாளி ஜெயஸ்ரீ காலையிலேயே அறிவித்துவிட்டாள். கேஸ் என்று ஒன்று எழுதப்பட்டால் அதன் பிறகு எந்தப் பார்லரும் ஷைனியின் கையில் புருவம் எடுக்கிற நூலைக்கூடக் கொடுக்காது.

கெங்கம்மாவின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அது உள்ளே நாற்காலியில், துப்பட்டாவைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்திருந்தது. பெயர் மகிழினி. அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை மதி, எண்ணூரில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய அத்தைதான் பெண் பார்க்க வந்த இடத்தில் கேசரியைத் தின்றுகொண்டே, “பொண்ணு இன்னும் கொஞ்சம் வெளிச்சமா இருந்தா போட்டோவுக்கு நல்லாருக்கும்” என்றாளாம். அந்த வெளிச்சத்தைத் தேடித்தான் தாயும் மகளும் ஜெயஸ்ரீயின் புது வெளிநாட்டு மிஷினுக்கு வந்தார்கள். ஆள் நீளத்துக்குக் கண்ணாடிப் படுக்கை, மேலே மூடி, உள்ளே ஊதா வெளிச்சம். ஒரு வாரம் விடாமல் தினமும் படுத்ததில் மகிழினியின் நெற்றியும் கன்னமும் வெந்து, மூக்கு நுனி உரிந்து, கண் சிவந்து நீர் வடிந்தது. வேகாத இடமெல்லாம் முன்னைவிடக் கறுத்திருந்தது.

“அல்லாரும் கேட்டுக்கோங்கோ!” கெங்கம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். “அந்த வார்னிங்க எவ பிச்சாளோ, அவ என் பொண்ணு கல்யாணத்துல மொதப் பந்திலேர்ந்து கடசிப் பந்தி வரிக்கும் எச்செல எட்க்கணும்! எட்க்க வெப்பேன்! வடிவுடையம்மா மேல சத்தியம்!”

பஸ்ஸுக்காக நின்றவர் தலையாட்டிக்கொண்டார். சத்தியத்துக்குச் சாட்சி சேர்ந்துவிட்டது.

“யம்மா, போதும்மா,” என்றாள் மகிழினி துப்பட்டாவுக்குள்ளிருந்து. “ஷைனி ஒண்ணும் பண்ல. அவதான் நேத்து படுக்காதன்னா.”

“நீ வாய மூடு. மூஞ்சிதான் போச்சு, புத்தியுமா போச்சு?”

அம்புரோஸ் இதற்குள் மிஷின் இருந்த அறைக்குப் போயிருந்தார். பதுரு, நனைந்த பின்பக்கத்தைச் சுவரோரமாக வைத்துக்கொண்டே பின்னால் போனாள். மிஷின் மூடியில் ஒரு இடத்தில் கையகலத்துக்குச் சதுரமாகப் பசை. அதன் மேல் முகப்பவுடர், புருவ முடி, பஞ்சு எல்லாம் ஒட்டி ஒரு சின்ன குப்பைமேடாகியிருந்தது. அடியில், பசையோடு பசையாக, சிறுவிரல் நகமளவுக்கு ஏதோ ஒன்று மின்னியது.

“ஜிகினா,” என்றாள் பதுரு. “தெரிஞ்சுபோச்சு சார். ஏதோ கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்லேர்ந்து வுழுந்தது. எந்தப் பொண்ணு ஜாக்கெட்ல ஒரு ஜிகினா கம்மியா கீதோ, அவதான் பிச்சது. மெட்ராஸ்ல ஒரு லட்சம் ஜாக்கெட்டு இருக்குமா?”

அம்புரோஸ் அதை நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஜிகினான்னா நடுவுல ஊசி ஓட்டை இருக்கும். இதுல இல்ல.”

“அப்ப இது இன்னா?”

“ஓட்டை இல்லாத ஜிகினா,” என்றார் அம்புரோஸ். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இதுபோன்ற நேரங்களில்தான் இவரிடம் ஏன் வேலைக்குச் சேர்ந்தோம் என்று பதுருவுக்குத் தோன்றும். “ஜெயஸ்ரீம்மா, மிஷின் எங்க வாங்கினது?”

“இம்போர்ட்டட் சார்.”

“எந்த ஊர் இம்போர்ட்டு?”

ஜெயஸ்ரீ கொஞ்சம் தயங்கினாள். “மணலி ரோடு.”

*

மணலி ரோட்டில் டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் ஷேர் ஆட்டோ ஊர்ந்தது. உடைத்த கப்பல்களின் உள்சாமான்களை வாங்கி விற்கிற நீலமேகத்தின் ஷெட் எல்லாருக்கும் தெரிந்த இடம்தான். வடசென்னையில் பாதி வீடுகளின் கக்கூஸ் கதவு அங்கிருந்து வந்ததுதான். உள்ளே போனால், தரையில் திருகி வைத்த பார் ஸ்டூல்கள், லைஃப் ஜாக்கெட் மலை, வட்ட ஜன்னல்கள். அவற்றுக்கு நடுவில், ஏதோ ஒரு கேப்டனின் நாற்காலியில் உட்கார்ந்து நீலமேகம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அந்த மிஷினா? பயணிக் கப்பல்லேர்ந்து வந்தது அண்ணாத்த. நல்ல கண்டிஷன். நானே போய் ஃபிட் பண்ணிக் குட்த்தேன்.”

“இன்னா மிஷின்னு சொல்லிக் குடுத்தீங்க?”

“டேன் மிஷின்.”

“டேன்னா?”

“வெள்ளக்காரன் கப்பல்ல போறப்ப அதுல படுத்துக்கினு கறுப்பாவான். கறுப்பாவறதுக்குக் காசு குட்ப்பான்.” நீலமேகம் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “நம்பளுக்கு ஆண்டவன் ஃப்ரீயா குட்த்தான்.”

பதுரு வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஜோக் எதுவும் வரவில்லை. அவள் சரித்திரத்தில் இது அபூர்வம்.

“யோவ் மாமு,” என்றாள் கடைசியில், “அந்தம்மா ஆளுங்களை வெளுப்பாக்கறதுக்குன்னு வாங்கிக்கினு போயிருக்கு!”

“நான் டேன்னேன். அந்தம்மா உடனே ‘டேன் மிஷினா, அய்யோ அதத்தான் தேடிக்கினு இருக்கேன்’னுச்சு. நான் இன்னாத்துக்குத் தடுக்கறேன்?”

பதுருவுக்குப் பளிச்சென்று புரிந்தது. பார்லரில் ‘டேன்’ என்றால் ஒரே அர்த்தம். ‘அக்கா, டேன் பண்ணணும்’ என்று உள்ளே போகிறவள் வெயிலில் கறுத்ததை எடுக்கத்தான் போகிறாள். அதற்குத்தான் பேஸ்ட், அதற்குத்தான் ஃபேஷியல். கறுப்பதற்கென்று ஒரு பெண் பார்லர் வாசலை மிதிப்பாள் என்பது விம்கோ நகரில் யாருடைய கனவிலும் வராத சங்கதி. ஜெயஸ்ரீ ஏமாற்றவில்லை. பாவம், முழு நம்பிக்கையோடு வேக வைத்திருக்கிறாள்.

“மூடி மேல ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சா?” என்றார் அம்புரோஸ்.

“இருந்துச்சே. ஃபிட் பண்ணி முடிக்கிற வரிக்கும் இருந்துச்சு. மஞ்சக் கலரு.”

“இன்னா எழுதியிருந்துச்சு?”

“எழுத்தெல்லாம் யாரு பாத்தா? நம்ப ஏரியால பொட்டின்னா படத்ததான பாப்போம். குடை போட்டிருந்தா நனைக்கக் கூடாது, கிளாஸ் போட்டிருந்தா போட்டு ஒடைக்கக் கூடாது. இதுல சூரியன் படம், அதும் மேல குறுக்க ஒரு செவப்புக் கோடு.”

“நீங்க இன்னான்னு நெனச்சீங்க?”

“வெயில்ல வெக்காதன்னு. அதான் ஷெட்டுக்குள்ள தள்ளி வெச்சிருந்தேன்.”

அம்புரோஸ் சிரித்தார். அவர் சிரிப்பதை வருஷத்துக்கு ஓரிரு முறைதான் பார்க்க முடியும், அதுவும் பார்க்கச் சகிக்காது.

“பதுரு, ‘வெயில்ல வைக்காதே’ன்னு ஒரு ஸ்டிக்கர் சும்மா கெடைச்சா யாரு ஆசைப்பட்டு எடுத்துக்கினு போவா?”

“ஐஸ்கிரீம் வண்டிக்காரன். மருந்துக்கடை. ஊறுகா... ஊறுகாய வெயில்லதான் வெப்பாங்க. பூக்காரி?”

“பூக்காரிக்கு ஜிகினா உதிராது.”

பதுரு வழியெல்லாம் யோசித்தாள். அவளுடைய பின்பக்கம் இன்னும் காயவில்லை.

*

அவர்கள் திரும்பியபோது அதிகாரி வந்துவிட்டிருந்தார். ரவிக்குமார் என்று பெயர், கையில் ஃபைல், முகத்தில் மூக்கைப் பொத்தத் தயாராக ஒரு கைக்குட்டை. எந்த அலுவலகம் என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன். அவர் பார்லருக்குள் நுழைந்து, நான்கு பக்கமும் பார்த்து, அலங்கார நாற்காலிக்கு அடியில் குனிந்து, பின்கட்டுக்குப் போய்த் திரும்பி வந்து, குழம்பிப்போய் நின்றார்.

“தோல் எல்லாம் எங்கம்மா?”

“என்ன தோல் சார்?” என்றாள் ஜெயஸ்ரீ.

“நீங்க பதப்படுத்தற தோல். ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா?”

“என் பொண்ணு தோலுய்யா!” என்றாள் கெங்கம்மா.

அடுத்த கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் புரியாமல் எல்லோரும் பேசினார்கள். அதன் சாரம் இதுதான். ஜெயஸ்ரீ உரிமம் கேட்டபோது தொழில் என்ற இடத்தில் ‘டேனிங்’ என்று எழுதியிருந்தாள். ரவிக்குமார் தன்னிடமிருந்த தொழில் பட்டியலில் தேடினார். டேனிங் என்று அதில் இருந்தது ஒன்றே ஒன்று, தோல் பதனிடுதல். அதற்கான விதிகளை அச்சிட்டு, சட்டம் போட்டு மாட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்.

“நான் எல்லா ரூலையும் ஒழுங்கா ஃபாலோ பண்றேன் சார்,” என்றாள் ஜெயஸ்ரீ, கண் கலங்கி. “முடிக் கழிவைத் தெருவுல கொட்டறதில்ல. ஃபேன் போட்டிருக்கேன். உப்பிடாத தோலை வெச்சிருக்கக் கூடாதுன்னு இருக்கு, அதனாலதான் படுக்க வைக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் சால்ட் ஸ்க்ரப் போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் அனுப்புறேன்.”

“உப்பு வேறயா?” என்றாள் பதுரு. “கருவாடு போட்ற ஸ்டைலு.”

மகிழினி துப்பட்டாவுக்குள் மூக்கை உறிஞ்சினாள். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

அம்புரோஸ் மிஷினின் உண்மைக் கதையைச் சொன்னார். கப்பல், வெள்ளைக்காரர்கள், கறுப்பு. ஜெயஸ்ரீ தன் பிரைடல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் பிடியை விடவில்லை.

“சரி சார், மிஷின் தப்பு. எனக்குத் தெரியாது. ஆனா அந்த ஸ்டிக்கர் இருந்திருந்தா யாராச்சும் படிச்சுச் சொல்லியிருப்பாங்கல்ல? அதைப் பிச்சது ஷைனிதான். தெனம் மிஷினைத் தொடைக்கிறது அவதான். எழுதிக்கோங்க சார். ஷைனி.”

ரவிக்குமார் பேனா மூடியைக் கழற்றினார். எழுதுவதற்கு ஏதாவது ஒன்று கிடைத்ததில் அவருக்கு நிம்மதி. தோல் பட்டியலைப் பற்றி இனி யாரும் கேட்க மாட்டார்கள். ஷைனி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

“எழுது நைனா, எழுது,” என்றாள் கெங்கம்மா. “பிச்சவ பேரை நல்லா கொட்டை எழுத்துல எழுது.”

“எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்,” என்றார் அம்புரோஸ். சட்டைப் பையிலிருந்து ஓட்டை இல்லாத ஜிகினாவை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “கெங்கம்மா, இது இன்னான்னு பாத்துச் சொல்லு.”

கெங்கம்மா குனிந்தாள். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தாள். “இது கூடத் தெரியாதா? மீன் செதிலு. சங்கரா.”

“ஸ்டிக்கர் இருந்த எடத்துல, பசையிலயே ஒட்டிக்கினு இருந்துச்சு. பிக்கும்போது பிச்ச கையிலேர்ந்து வுழுந்தது.”

பதுரு திரும்பி வாசலைப் பார்த்தாள். படியில் அந்த ஐஸ் பெட்டி. அதன் மேல் ஈரச் சாக்கு. சாக்கின் நடுவில், காலையில் ஒரு வழக்கின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்த அவளுடைய அடையாளம், நல்ல பள்ளமாக.

“அல்லா!” என்றாள். “நான் அடைகாத்துட்டேன் சார்.”

அம்புரோஸ் போய்ச் சாக்கைத் தூக்கினார். பெட்டி மூடியின் நடுவில், ஓரம்கூடப் பிரியாமல், அழகாக ஒட்டப்பட்டிருந்தது ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். சூரியன். அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

கூட்டம் படிவரைக்கும் ஏறிவந்தது.

“அத்தப் போயி வார்னிங்குன்றீங்க?” கெங்கம்மாவின் குரல் முதல் தடவையாக ஏலத்துக்குக் கீழே இறங்கியது. “அது வெயில்ல வெக்காதன்னு போட்ட படமாச்சே. பாக்கேஜ் கேக்க மொதல்ல வந்தப்ப ஓரம் பிஞ்சு தொங்கினு இருந்துச்சு. மீன் பொட்டிக்கு நல்லாருக்குமேன்னு... வாங்கறவங்களும் தைரியமா வாங்குவாங்கன்னு... தோ, இவதான், இந்த ஜெயஸ்ரீதான் மூஞ்சிக்கு ஆவி புடிக்கிற மிஷினை எட்த்துக் குட்த்தா. ஆவி காட்னா கிழியாம வரும்னா. அப்ப இந்த ஷைனிப் பொண்ணு இங்க வேலைக்கே வர்ல.”

எல்லோரும் ஜெயஸ்ரீயைப் பார்த்தார்கள்.

“மறந்துட்டேன்,” என்றாள் ஜெயஸ்ரீ.

அம்புரோஸ் குனிந்து ஸ்டிக்கரைப் படித்தார். எழுத்தாயிற்றே. படித்ததைத் தமிழில் சொன்னார். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் படுக்கக் கூடாது. ஒரு நாள் படுத்தால் அடுத்து இரண்டு நாள் இடைவெளி விட வேண்டும். தோல் சிவந்தால் உடனே நிறுத்த வேண்டும். படுத்த அன்றைக்கு வெயிலில் போகவே கூடாது. அதற்குத்தான் அந்தச் சூரியன்.

“தெனம் இங்கேர்ந்து எங்க போனீங்க?” என்றார்.

மகிழினி துப்பட்டாவை விலக்கினாள். “பத்திரிகை வெக்க. மொட்ட வெயில்ல. அம்மாகூட, வூடு வூடா.”

“கெங்கம்மா, நீ படத்தைத் தப்பாப் படிக்கல,” என்றார் அம்புரோஸ். “வெயில்ல வெக்காதன்னுதான் போட்டிருக்கு. பொட்டியை இல்ல, பொண்ணை.”

ரவிக்குமார் பேனாவை மூடினார். பஸ்ஸுக்காக நின்றவர், யாரும் கேட்காமலே, மெதுவாகச் சொன்னார்: “வடிவுடையம்மா மேல சத்தியம் பண்ணிச்சு.”

கெங்கம்மா சாக்கை எடுத்து உதறி, பெட்டி மேல் திரும்பப் போர்த்தினாள். பிறகு ஷைனியின் பக்கம் போய், தன் முந்தானையால் அந்தப் பெண்ணின் கண்ணை முரட்டுத்தனமாகத் துடைத்தாள். மீன் வாடையில் ஷைனிக்கு இன்னும் கொஞ்சம் கண்ணீர் வந்தது.

*

தோல் டாக்டர் மகிழினியைப் பார்த்துவிட்டு முகம் ஆறுகிறவரை மேடை, விளக்கு எதுவும் வேண்டாம் என்றார். கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. மதி வந்து பார்த்து, “வலிக்குதா?” என்று மட்டும் கேட்டான். அத்தை வந்து வேறு என்னவோ கேட்க வாயெடுத்தாள். அவளுக்கு அன்றைக்குக் கேசரி கொடுக்கப்படவில்லை.

தைக்குள் விம்கோ நகரில் பல மாற்றங்கள். ஜெயஸ்ரீ கடையை மூடிவிட்டுப் பொன்னேரிப் பக்கம் போய்விட்டாள். அங்கே புருவம் மட்டும் எடுக்கிறாளாம். ரவிக்குமாருக்கு வேறு பிரிவு. ஆனால் அந்த அலுவலகத்தின் பட்டியலில் விம்கோ நகரில் ஒரு தோல் தொழிற்சாலை இன்றைக்கும் இருப்பதாகக் கேள்வி. கழிவுநீர்த் தொட்டி கட்டியாயிற்றா என்று கேட்டுப் பூட்டிய கதவுக்குத் தபால் வருகிறது. மிஷினை நீலமேகம் திரும்ப எடுத்துக்கொண்டார். இப்போது எவர் கேட்டாலும் ‘கறுப்பாக்கற மிஷின்’ என்று தெளிவாகச் சொல்கிறார். அதனால் விற்கவில்லை. ஷைனி அம்பத்தூரில் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் சேர்ந்து, அங்கேயே ஹாஸ்டலுக்குக் குடிபோய்விட்டாள். எந்த மிஷினைத் தொட்டாலும் முதலில் ஸ்டிக்கரைப் படிக்கிறாளாம், டாக்டருக்கே கேட்கும்படியாக.

கல்யாணத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். பந்தியில் பதுரு அம்புரோஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிடுவதைவிட அதிகமாக எட்டிப் பார்த்தாள். பட்டுச் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகி, முதல் பந்தியிலிருந்து இலை எடுத்துக்கொண்டிருந்தாள் பெண்ணைப் பெற்றவள். சம்பந்தி வீட்டார் பதறிப்போய்த் தடுத்தார்கள். கெங்கம்மா அவர்களுடைய இலையையும் சேர்த்து எடுத்தாள். மண்டப வாசலில், பஸ்ஸுக்காக நின்ற அந்த மனிதர் பல் குத்திக்கொண்டே மேற்பார்வை பார்த்தார்.

“யக்கா, என் எலையில சாம்பார் ஜாஸ்தி கீது, பட்டுல வுட்டுக்காத,” என்றாள் பதுரு.

“ஓவரா பேசின, ஐஸ் பொட்டில போட்டு மூடிடுவேன்.”

ஷைனி அம்பத்தூரிலிருந்து பஸ் மாறி வந்து சேர்ந்தபோது கடைசிப் பந்தி. வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டாள். முடித்ததும் இலையைத் தானே எடுக்கப் போனாள்.

“வேணாங்க்கா. நான் எடுத்துக்கறேன்.”

“கைய எட்ரீ,” என்றாள் கெங்கம்மா. “ஊரே பாத்துக்கினு கீது.”

ஷைனி கையை எடுத்தாள். இலையைத் தன் பக்கமாகத்தான் மடித்திருந்தாள். கெங்கம்மா அந்த மடிப்பை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பிரியாமல் தூக்கிக்கொண்டு போனாள்.